ஸ்காபரோவில் முதல் ஜியோகேச்: ஒளிக்கும் முன் சில கேள்விகள்

ரூஜ்_நதிக்கரை

அனைவருக்கும் வணக்கம். ஒன்றரை ஆண்டுகளாக என் மகளும் நானும் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியில் ஜியோகேச் தேடி வருகிறோம்; அதாவது, யாரோ ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை (ஆயத்தொலைவை) விளையாட்டின் இணையதளத்தில் வெளியிட்ட பெட்டிகளை. இதுவரை அறுபத்திரண்டு பெட்டிகளைக் கண்டெடுத்திருக்கிறோம். பதினொன்று எங்கள் கண்ணுக்கு அகப்படவேயில்லை. இனி நாமும் ஒரு பெட்டியை ஒளித்து மற்றவர்களைத் தேட விட வேண்டும் என்று மகள் பிடிவாதமாக நிற்கிறாள்.

வீட்டுக்கு அருகே ஓடை ஒன்று ஓடும் பள்ளத்தாக்கில், நடைபாதையிலிருந்து நாற்பது அடி தள்ளி, விழுந்து கிடக்கும் பழைய மேப்பிள் மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அகன்ற வாயுள்ள கண்ணாடி ஊறுகாய்ப் போத்தல் ஒன்றில் கண்டவர்கள் பெயர் எழுதக் குறிப்பேடு, பேனா, குழந்தைகளுக்கான சிறு விளையாட்டுப் பொருட்கள், ஒரு பொதி டொஃபி ஆகியவற்றை இட்டு, மரத்தின் அடியில் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை எடுத்து, போத்தலின் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி வைப்பது எங்கள் திட்டம். ஆயத்தொலைவை கைப்பேசி வரைபடத்தில் விரலை அழுத்தி எடுத்துவிட்டேன். பதிவேற்றும் முன் அனுபவமுள்ள அண்ணன்மார், அக்காமார் குறை இருந்தால் சொல்லவும்.

பழைய_பென்சில்

தம்பி, மகளின் பிடிவாதத்தைத் தவிர உங்கள் திட்டத்தில் உள்ள எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். வருந்த வேண்டாம், காரணத்தைச் சொல்கிறேன்.

முதலாவது, மண்ணைத் தோண்டுவது. ஒளிப்பதற்கும் சரி, எடுப்பதற்கும் சரி, நிலத்தைக் கிளறக் கூடாது என்பது இந்த விளையாட்டின் உறுதியான விதிகளில் ஒன்று. நீங்கள் ஒரு சாண் தோண்டினால், தேடி வருபவர் எந்த இடத்தில் தோண்டியிருப்பீர்கள் என்று அறியாமல் பத்து இடத்தில் தோண்டுவார். இரண்டாவது, கண்ணாடி. உறைபனி வந்து போகும் ஊரில் ஈரம் புகுந்த கண்ணாடிப் போத்தல் ஒரு குளிர்காலத்தைத் தாண்டுவது அரிது. அது உடைந்த பிறகு இலைச்சருகுக்குள் கைவிட்டுத் துழாவப் போவது உங்கள் மகளின் வயதுள்ள பிள்ளைதான். மூன்றாவது, டொஃபி. மூடிய பெட்டிக்குள் இருக்கும் இனிப்பின் மணம் நமக்குத் தெரியாது, ரக்கூனுக்குத் தெரியும். உணவை வைத்த பெட்டியை அடுத்த வாரம் கடித்த தடத்தோடு இருபது அடி தள்ளித்தான் காண்பீர்கள்.

ஒன்றைச் சொல்லி உங்களைத் தேற்றலாம். 2000-ஆம் ஆண்டு மே 1 அன்று, குடிமக்கள் பயன்படுத்தும் ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டுவந்த பிழை நீக்கப்படும் என்று அமெரிக்க அதிபர் கிளிண்டன் அறிவித்தார். நூறு மீட்டர் வரை தடுமாறிக்கொண்டிருந்த கருவிகள் ஒரே இரவில் இருபது மீட்டருக்குள் இடத்தைக் காட்டத் தொடங்கின. மே 3 அன்று ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்து வைத்து, அதன் ஆயத்தொலைவை இணையச் செய்திக்குழு ஒன்றில் வெளியிட்டார். அந்த வாளிக்குள் மற்றப் பொருட்களோடு ஒரு டின் அவரையும் இருந்தது. புதைத்தது ஒரு குற்றம், உணவு வைத்தது இன்னொரு குற்றம்: உலகின் முதல் ஜியோகேச் இன்றைய விதிகளின்படி வெளியாகியிருக்காது. ஆகவே உங்கள் திட்டம் மோசமானதல்ல, கால் நூற்றாண்டு தாமதமானது, அவ்வளவுதான்.

பெட்டி பற்றி: நான்கு பக்கமும் கொக்கி போட்டு மூடும், மூடியின் உட்புறம் சிலிக்கோன் வளையம் உள்ள உணவுப் பெட்டி போதும். காசு செலவழிக்க மனமிருந்தால், இராணுவ உபரிக் கடைகளில் கிடைக்கும் ரப்பர் வளையமுள்ள இரும்புத் தோட்டாப் பெட்டிக்கு நிகராக எதுவும் இல்லை. ஆனால் அதன்மேல் உள்ள இராணுவக் குறிகளை வண்ணம் பூசி மறைத்து, இது ஒரு ஜியோகேச் என்று பெரிதாக எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், குளிரில் மை உறையும், பென்சில் எழுதும். குறிப்பேட்டை ஜிப் பையில் இடுவது நல்லதுதான், ஆனால் அந்தப் பையின் ஒரு முனை மூடிக்கும் வளையத்துக்கும் இடையே சிக்கிக்கொண்டால் அதுவே திரி போல நீரை உள்ளே இழுத்துவிடும். என் பெட்டிகளில் ஈரமானவற்றில் பெரும்பாலானவை மழையால் கெட்டவை அல்ல, அவசரமாக மூடியவரால் கெட்டவை.

ரூஜ்_நதிக்கரை

நன்றி அண்ணா. போத்தலையும் டொஃபியையும் விட்டுவிட்டோம். டொஃபி ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. தோண்டாமல், மரத்தின் பொந்துக்குள் பெட்டியை வைத்து மரப்பட்டையால் மூடலாம் என்று நினைக்கிறோம். பெட்டி வைக்க நில உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பொதுப் பூங்காவுக்கும் அனுமதி வேண்டுமா?

பனிக்கால_நடை

வேண்டும். பொது நிலம் என்றால் உரிமையாளர் இல்லாத நிலம் என்று பொருளல்ல. அந்தப் பள்ளத்தாக்கு மாநகராட்சியின் பூங்காவா, நீர்வள ஆணையத்தின் நிலமா, 2015-இல் உருவான ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவின் எல்லைக்குள் வருகிறதா என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். தேசியப் பூங்கா எல்லைக்குள் வந்தால் பார்க்ஸ் கனடாவின் முன் அனுமதி இல்லாமல் எதையும் வைக்க முடியாது. நான் ஒட்டாவாவில் ஒரு பெட்டிக்காக மின்னஞ்சல் அனுப்பி ஆறு வாரம் காத்திருந்தேன். வந்த பதிலில் அனுமதியோடு, பறவைகள் கூடு கட்டும் பகுதியை விட்டு விலகி நடைபாதையின் மறுபக்கத்தில் வைக்கும்படி ஒரு வேண்டுகோளும் இருந்தது. அந்த இடம் நான் தேர்ந்தெடுத்ததைவிட நன்றாகவே இருந்தது.

நாற்பது அடி தள்ளி என்பதை மறுபடி யோசியுங்கள். நூறு பேர் வந்து போனால் அந்த நாற்பது அடியில் புதிதாக ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்துவிடும். வசந்தத்தில் அங்கே பூக்கும் டிரில்லியம் செடி ஒருமுறை மிதிபட்டால் தேறுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். போதாக்குறைக்கு ரூஜ் பள்ளத்தாக்கு லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணிகள் வாழும் பகுதி. பாதையிலிருந்து நாலைந்து எட்டுக்குள் கைநீட்டி எடுக்கும்படி வைத்தால் செடியும் பிழைக்கும், தேடுபவரும் பிழைப்பார். உண்ணி உண்டு, தொட்டால் தோல் அரிக்கும் பாய்சன் ஐவி செடி உண்டு என்பதற்கான குறியீடுகளைப் பெட்டியின் இணையப் பக்கத்தில் சேர்க்க மறக்காதீர்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாத அந்தப் பதினொரு பெட்டிகளுக்கும் நீங்கள் தளத்தில் டிஎன்எஃப், அதாவது தேடியும் காணவில்லை என்ற பதிவு போட்டீர்களா?

டார்ட்மூர்_வடக்கு

இங்கிலாந்திலிருந்து எழுதுகிறேன். அனுமதி என்பது வெறும் காகித வேலை என்று நினைப்பவர்களுக்கு வெதர்பி நகரத்தை நினைவூட்ட விரும்புகிறேன். 2011 ஜூலையில் அங்கே ஒரு உணவகத்துக்கு வெளியே ஒருவர் ஒரு சிறு பெட்டியைக் கையாண்டுவிட்டுப் போனதைக் கண்டவர்கள் காவல்துறைக்குச் சொல்ல, தெரு முழுவதும் காலி செய்யப்பட்டு, இராணுவத்தின் வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அதை வெடிக்க வைத்து அழித்தார்கள். அது ஒரு ஜியோகேச். பள்ளிக்கூடம், ரயில் நிலையம், பாலத்தின் அடிப்பகுதி போன்ற இடங்களை முழுவதும் தவிர்ப்பதும், நகரத்துக்குள் வைத்தால் உள்ளே இருப்பது தெரியும்படி ஒளி ஊடுருவும் பெட்டியைப் பயன்படுத்துவதும் அதனால்தான்.

இங்கே இன்னொரு விதியும் உண்டு. சாந்து பூசாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய பழைய வயல் மதில்களுக்குள் பெட்டியை வைக்கக் கூடாது. வைத்தவர் ஒரு கல்லைத்தான் நகர்த்தியிருப்பார். தேடுபவர்கள் மதிலையே பிரித்துவிடுவார்கள். உங்கள் மரப்பொந்துக்கும் இது பொருந்தும். உளுத்த மரத்தின் பட்டையை ஒவ்வொன்றாக உரிப்பதற்குத் தேடுபவருக்கு ஒரு காரணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

பழைய_பென்சில் ஐயா முதல் பெட்டி 2000-இல் என்கிறார். ஜிபிஎஸ் கணக்கில் அது சரி. ஆனால் டார்ட்மூரில் 1854-ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற சதுப்பு நிலத்தின் நடுவே ஒரு போத்தலை வைத்து, அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அதில் விட்டுச்செல்ல வழி செய்தார். லெட்டர்பாக்சிங் என்ற பொழுதுபோக்கு அதிலிருந்து வளர்ந்தது. அதுவும் கண்ணாடிப் போத்தல்தான் என்பதை நதிக்கரை நண்பரின் ஆறுதலுக்காகச் சேர்த்துச் சொல்கிறேன்.

அடையாறு_நடை

சென்னையிலிருந்து வணக்கம். ஆயத்தொலைவு பற்றி யாரும் பேசவில்லை என்பதால் அந்தப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கைப்பேசி வரைபடத்தில் விரலை அழுத்தி எடுத்த எண்ணை அருள்கூர்ந்து பயன்படுத்த வேண்டாம். அது செயற்கைக்கோள் படத்தில் நீங்கள் தொட்ட புள்ளியின் எண். அந்தப் படமே சில மீட்டர் விலகிப் பொருத்தப்பட்டிருக்கலாம், மரக்கூட்டத்தில் எந்த மரம் உங்கள் மரம் என்பதும் மேலிருந்து தெரியாது. நம் விளையாட்டில் பாகையும் தசம நிமிடமும் சேர்ந்த வடிவில் எழுதுகிறோம்; கடைசி இலக்கம் ஒரு நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. வடக்கு தெற்காக அது எங்கும் ஏறத்தாழ 1.85 மீட்டர். கிழக்கு மேற்காக, தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால், சென்னையில் அது 1.8 மீட்டராகவும் டொராண்டோவில் 1.34 மீட்டர் அளவாகவும் இருக்கும். திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண கைப்பேசியின் துல்லியமோ ஏறத்தாழ 5 மீட்டர். அதாவது கடைசி இலக்கத்தைக் கருவி உங்களுக்கு ஒரே அளவீட்டில் தராது. நீங்கள்தான் பலமுறை அளந்து சராசரி எடுத்து அதை நெருங்க வேண்டும்.

பள்ளத்தாக்கில் நிலைமை இன்னும் மோசம். வானத்தின் பாதியைச் சரிவு மறைத்துவிடும்; மீதியிலிருந்து வரும் சமிக்ஞையில் ஒரு பகுதி சரிவிலும் ஈர இலைகளிலும் பட்டுத் தெறித்து, சற்றுத் தாமதமாகக் கருவியை அடையும். தாமதத்தைக் கருவி தூரமாகக் கணக்கிடுவதால் நீங்கள் நிற்காத இடத்தில் நிற்பதாகக் காட்டும். ஆகவே பெட்டி இருக்கும் இடத்தில் கைப்பேசியை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் அசையாமல் விடுங்கள். வேறு வேறு நாளில், வேறு வேறு நேரத்தில் மூன்று முறை இப்படிச் செய்து சராசரி காணுங்கள். பிறகு அந்த எண்ணைக் கருவியில் இட்டு, ஐம்பது மீட்டர் விலகிப் போய், நான்கு திசையிலிருந்தும் அம்புக்குறியைப் பின்பற்றித் திரும்பி வந்து பாருங்கள். நான்கு முறையும் மரத்தருகே வந்து நின்றால் பதிவேற்றலாம்.

துணைக்குறிப்பு எழுதும்போது ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். தளத்தில் குறிப்பை மறைத்துக் காட்டும் முறை, ரோமன் எழுத்து ஒவ்வொன்றையும் பதின்மூன்று இடம் தள்ளி எழுதுவதுதான். தமிழில் குறிப்பு எழுதினால் அந்த முறைக்குத் தமிழ் தெரியாததால் அது அப்படியே வெளிச்சத்தில் நிற்கும். மகளுக்காகத் தமிழில் எழுத ஆசைப்பட்டால் புதிராகவே எழுதிவிடுங்கள்.

இங்கே சென்னையில் நாங்கள் அஞ்சுவது உறைபனியை அல்ல, எறும்பை. பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு பருவத்தில் குடியேறி, குறிப்பேட்டை மண்ணாக்கிவிடும். உலோகப் பெட்டி வைத்தால் பழைய இரும்புக்குப் போய்விடும். யாருமே இல்லாத நேரம் என்று ஒன்று இந்த நகரத்தில் கிடையாது என்பதால் எடுப்பதைவிடத் திரும்ப வைப்பதே பெரும்பாடு.

எழுநூறு_தாண்டியவன்

ஜெர்மனியில் டோர்ட்முண்டிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் இதை அரசு அலுவலகக் கோப்பு போல ஆக்குகிறீர்கள். நான் எப்போதும் பையில் ஐந்தாறு பழைய படச்சுருள் டப்பிகளை வைத்திருப்பேன். பெட்டி காணாமல் போயிருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தால், அதே இடத்தில் ஒரு டப்பியை வைத்து, கையெழுத்திட்டு, கண்டதாகப் பதிந்துவிடுவேன். உரிமையாளருக்கு ஒரு பயணம் மிச்சம், அடுத்து வருபவருக்கு ஏமாற்றம் இல்லை. இதில் யாருக்கு நட்டம்?

பழைய_பென்சில்

எனக்கு நட்டம். நடந்ததைச் சொல்கிறேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டுப்பாதையில் தோட்டாப் பெட்டி ஒன்றை வைத்திருந்தேன். அதைக் காணாத ஒருவர், உங்களைப் போலவே நல்லெண்ணத்தோடு, மூன்று மீட்டர் தள்ளி ஒரு மரப்பிளவில் படச்சுருள் டப்பி ஒன்றைச் செருகிவிட்டுப் போனார். அடுத்து வந்த எட்டுப் பேர் கண்டது அந்த டப்பியைத்தான். அவர்களில் இருவர் பிள்ளைகளோடு வந்தவர்கள். பொம்மை மாற்றிக்கொள்ளும் அளவுக்குப் பெரிய பெட்டி என்று என் பக்கத்தில் படித்துவிட்டு வந்து, விரல் அளவு டப்பியைக் கண்டு முகம் சுளித்து எழுதியிருந்தார்கள். என் பெட்டி அப்போது அதன் இடத்தில் உலர்ந்தபடி உட்கார்ந்திருந்தது. பெட்டி விட்டுப் பெட்டியாகப் பயணிக்க வேண்டிய உலோக வில்லை ஒன்று, ஒரு சிறுமி பசிபிக் கரைக்குப் போகட்டும் என்று எழுதி அனுப்பியது, அதற்குள் பதினான்கு மாதம் அடைபட்டுக் கிடந்தது. அந்த டப்பியோ முதல் மழையிலேயே நனைந்து, ஈரக் குறிப்பேடு என்ற புகார் என் பெயரில் விழுந்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை என்பதும் காணாமல் போயிற்று என்பதும் ஒன்றல்ல. அதை அறிந்தவர் ஒருவர்தான், அவர் ஒளித்தவர்.

எழுநூறு_தாண்டியவன்

ஒளித்தவர் இருந்தால் சரி. மூன்று ஆண்டுகளாகத் தளத்துக்கே வராதவரின் பெட்டி என்றால் என்ன செய்வது? புகார் செய்தால், தளத்துக்காகப் பெட்டிகளைச் சரிபார்க்கும் ஆய்வாளர் அதன் பக்கத்தை மூடிவிடுவார். மூடிய பக்கம் பெரும்பாலும் திரும்புவதில்லை. அதே இடத்தில் புதிதாக வைத்தாலும் புதிய தேதிதான் விழும். கன்சாஸ் மாநிலத்தில் மிங்கோ என்ற பெட்டி 2000 மே 11 அன்று ஒளிக்கப்பட்டது. இன்றும் பட்டியலில் இருப்பவற்றில் அதுவே மிகப் பழையது, அதைத் தொடுவதற்காகவே எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். ஒவ்வொரு பழைய பெட்டிக்கும் விதியைக் காட்டிக் கதவை மூடினால் இந்த வரலாறு மிஞ்சுமா?

டார்ட்மூர்_வடக்கு

இதில் எழுநூறு அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். 2000, 2001 ஆண்டுகளின் பெட்டிகளை ஊரே சேர்ந்து காப்பாற்றுவதில் நான் தவறு காணவில்லை. ஆனால் சென்ற ஆண்டு வாகன நிறுத்தத்தின் விளக்குக்கம்பத்தில் ஒட்டிய காந்த டப்பிக்கும் அதே சலுகையைக் கேட்பது வேறு கதை. உரிமையாளருக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வந்து, நீங்களே மாற்றிவிடுங்கள் என்றால் மாற்றுங்கள், அது உதவி. விட்டுப்போக விரும்பினால் இருவரும் இணங்கிப் பெட்டியின் உரிமையைக் கைமாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. பதிலே இல்லாதபோது கேட்காமல் வைத்துவிட்டுக் கண்டதாகப் பதிவதில் உங்கள் எண்ணிக்கை கூடுகிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுநூறு_தாண்டியவன்

கடைசி வரி கொஞ்சம் சுட்டது. ஆனாலும் மிங்கோ விஷயத்தில் நான் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

பனிக்கால_நடை

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

ரூஜ்_நதிக்கரை

அக்கா, மறைக்க விரும்பவில்லை. மூன்றுக்கு மட்டுமே டிஎன்எஃப் பதிந்தோம். மற்ற எட்டையும் தோல்வி போல எண்ணி, எழுதாமல் விட்டுவிட்டேன்.

பனிக்கால_நடை

பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள், நானும் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். நீங்கள் பெட்டி வைத்த மறுநாளிலிருந்து இது எப்படித் தலைகீழாகும் என்று சொல்கிறேன்.

ஒளித்தவர் தினமும் போய்ப் பார்க்க முடியாது. அவருக்கு வந்து சேரும் செய்தி பதிவுகள் மட்டுமே. எளிதான பெட்டி, கடினத்துக்கு ஒன்றரை நட்சத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இருவர் கண்டுகொண்டிருந்த இடத்தில் அடுத்தடுத்து இரண்டு டிஎன்எஃப் விழுந்தால் அந்த வாரமே சப்பாத்தை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். நான்கு நட்சத்திரப் பெட்டிக்கு ஐந்து விழுந்தாலும் பதற வேண்டியதில்லை. பதிவே இல்லாமல் மூன்று மாதம் மௌனமாக இருந்தால் அதைத்தான் நான் அதிகம் நம்ப மாட்டேன். வந்தவர்கள் கண்டுபிடிக்காமல் திரும்பிப்போய் எழுதாமல் விட்டிருக்கலாம்.

பராமரிப்பு என்று நான் செய்வது இதுதான். பனி உருகியதும் ஒருமுறை, இலை உதிர்வதற்கு முன் ஒருமுறை, புகார் வந்தால் இடையிலும் போவேன். வளையத்தில் மண் இருந்தால் துடைப்பேன், நனைந்த குறிப்பேட்டை எடுத்து உலர்ந்ததை வைப்பேன், உடைந்த பொம்மையையும் யாரோ விட்டுப்போன பற்றுச்சீட்டுகளையும் அகற்றுவேன். உடனே போக முடியாவிட்டால் பக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பேன். அப்படி நிறுத்தினால் ஏறத்தாழ நான்கு வாரத்துக்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. போன தேதியை உரிமையாளர் பராமரிப்புப் பதிவாக இடுவேன், அதைப் பார்த்தால் தேடுபவருக்கும் நம்பிக்கை வரும். வெளியூர் குடிபெயர்ந்தால் பக்கத்தை மூடுவதோடு நில்லாமல் பெட்டியையும் எடுத்துவிடுங்கள். எடுக்காத பெட்டி வெறும் குப்பை.

அடையாறு_நடை

மௌனம் பற்றிச் சொன்னது இங்கே இன்னும் கடுமையாகப் பொருந்தும். சென்னையில் ஒரு பெட்டிக்கு ஆண்டுக்கு ஐந்தாறு பேர் வந்தால் அதிகம், அவர்களிலும் பலர் விமானம் மாறும் இடைவெளியில் வரும் வெளிநாட்டவர். ஒருவர் எழுதாமல் போனால் எனக்கு இரண்டு மாதச் செய்தி போயிற்று.

ரூஜ்_நதிக்கரை

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்தவை இவை.

அனுமதி வந்தது, தேசியப் பூங்கா எல்லைக்கு வெளியேதான் இருக்கிறோம். மூன்று நாள் அளந்ததில் என் முதல் எண்ணுக்கும் சராசரிக்கும் பதினாறு மீட்டர் வித்தியாசம், அடையாறு நண்பர் வாழ்க. பதிவேற்றிய நான்காம் நாள் ஆய்வாளர் எழுதினார்: வேறொருவரின் புதிர்ப் பெட்டியின் இறுதி இடம் எங்கள் மரத்திலிருந்து 98 மீட்டரில் இருக்கிறதாம், குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும். அந்தப் புதிரை நாங்கள் அவிழ்க்காததால் அது அங்கே இருப்பது எங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மகள் ஒரு நாள் முழுக்கக் கோபித்துக்கொண்டு, மறுநாள் தானே பாதையின் வளைவுக்கு அப்பால் கவிழ்ந்து கிடந்த ஒரு வேர்க்கட்டையைக் கண்டுபிடித்தாள். பாதையிலிருந்து நாலு எட்டு. மறுபடி மூன்று நாள் அளந்தோம்.

பெட்டி வெளியான இரவே ஒன்பதரை மணிக்கு நெற்றி விளக்கோடு ஒருவர் போய் முதல் பெயரை எழுதிவிட்டார். இதுவரை பதினேழு பேர் கண்டிருக்கிறார்கள்.

பழைய எட்டு டிஎன்எஃப்களையும் போன மாதம் உட்கார்ந்து, தேடிய தேதிகளோடு பதிந்தேன். அவற்றில் ஒன்றின் உரிமையாளர் இரண்டு நாளில் பதில் எழுதினார். போய்ப் பார்த்தாராம், பெட்டி இல்லை, சென்ற கோடையிலேயே அந்தப் புதரை வெட்டி அகற்றியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு நாங்கள்தான் அவருக்கு எழுதிய முதல் ஆட்கள்.

இன்று காலை எங்கள் பெட்டிக்கு முதல் டிஎன்எஃப் விழுந்திருக்கிறது. இருபது நிமிடம் தேடினோம், காணவில்லை, நாயும் உதவவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஒன்றுதானே, பொறுக்கலாம் என்றேன். மகள் ஏற்கெனவே மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு புதிய குறிப்பேட்டையும் இரண்டு பென்சிலையும் எடுத்து வாசலில் நிற்கிறாள். போய் வந்து எழுதுகிறேன்.